கை காட்டினவங்க

“கீழே நின்னு கை காட்டினவங்க சரின்னு காட்டினாங்க. நான் கயித்தை விட்டேன்.”

தூத்துக்குடிப் பக்கத்து மாலுமித் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ராத்திரி இரண்டு மணிக்குச் சரக்கு இறக்கும்போது தொங்கிய சுமை ஆடி, சுமைக்கும் கப்பலின் கம்பிக்கும் நடுவே அவர் கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலில் எலும்பு முறிவு. மறுநாள் காலை மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து அவர் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்து நான் இங்கிலீஷில் வாக்குமூலம் தட்டினேன். பதினேழு வருடமாக இந்த ஊரில் என் பிழைப்பு இது. ஒரு சரக்கு அலுவலகத்தில் கடிதமும் அறிக்கையும் எழுதுவேன். தமிழ் மாலுமிகளுக்கு ஏதாவது ஒன்று என்றால் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள்.

நான் தட்டிய வாக்கியம்: “தி பேங்க்ஸ்மேன் ரெய்ஸ்டு ஹிஸ் ஹேண்ட்.” கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவருக்கு பேங்க்ஸ்மேன் என்று பெயர். சொல்லிலேயே ஒரு ‘மேன்’ உட்கார்ந்திருக்கிறது. போதாதென்று நான் ஒரு ‘ஹிஸ்’ஸும் சேர்த்தேன்.

அந்த ஷிஃப்டில் சைகை காட்ட இரண்டு பேர் இருந்தார்கள், ஒரு ஆண், ஒரு பெண். விபத்து நடந்தபோது ஆண் டீ குடிக்கப் போயிருந்தார். என் ‘ஹிஸ்’ஸைப் பார்த்துவிட்டு விசாரணைக்காரர்கள் அவருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். மூன்று நாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணோ, தன்னை ஏன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார். அவர் காட்டியது ‘நிறுத்து’ சைகையாம். தம்பியின் கப்பலில் அதே கைவீச்சுக்கு ‘சரி, விடு’ என்று அர்த்தம். விபத்துக்குக் காரணமே அதுதான். அதைச் சொல்ல வேண்டியவரை என் அறிக்கை ஆளே இல்லாமல் ஆக்கிவிட்டது.

விஷயம் வெளியே வந்ததும் தம்பியிடம் ஓடினேன். “அது பொம்பளைன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியுமே அண்ணாச்சி. ஹெல்மெட்டுக்குப் பின்னாடி சடை தொங்கிச்சு. நீங்க கேக்கவே இல்லியே.”

அவர் தமிழில் தப்பு எதுவும் இல்லை. ‘காட்டினவங்க’ என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், இரண்டு பேராகவும் இருக்கலாம். நம் ‘அவங்க’வும் ‘அவரு’ம் திறந்த கதவு மாதிரி. அதை இங்கிலீஷுக்குள் கொண்டுபோகும்போது கதவைச் சாத்தியது நான்தான். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி ‘அவர்’ என்றால் ‘ஹி’ என்று கை தானாகத் தட்டிவிட்டது. நர்ஸைப் பற்றிய வாக்கியமாக இருந்திருந்தால் அதே கை ‘ஷி’ என்று தட்டியிருக்கும். கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பும் வெகுநாள் இதையே செய்தது. துருக்கி மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பிரதிப்பெயர்தான். அதிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றினால் டாக்டர் ‘ஹி’ ஆவார், நர்ஸ் ‘ஷி’ ஆவார். 2018 டிசம்பரில் கூகுள் நிறுவனம் அதைத் திருத்தி, அப்படிப்பட்ட வாக்கியத்துக்கு இரண்டு விடைகளையும் காட்ட ஆரம்பித்தது. அதைக் கேலி பண்ண எனக்கு வாயில்லை. எனக்கும் அதற்கும் ஒரே பயிற்சிதான்.

விசாரணையில் என்னைக் கேள்வி கேட்டவர் பாதுகாப்பு அதிகாரி. டர்பனிலேயே பிறந்த தமிழ்ப் பெண், நான்காம் தலைமுறை. தமிழில் ‘சாப்பிட்டீங்களா’வைத் தாண்டி வராது, ஆனால் சட்டம் படித்தவர். நான் விடவில்லை. “மேடம், இலக்கணப்படி ஹி என்பதில் ஷியும் அடங்கும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அதை மேட்லின் வூக்கியிடம் போய்ச் சொல்லுங்கள்” என்றார்.

யார் அந்த வூக்கி என்று அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று பிரிட்டிஷ் பார்லிமென்ட் 1850இலேயே சட்டம் போட்டிருக்கிறது. சரி, அப்படியானால் 1867ஆம் வருடத் தேர்தல் சட்டம் ‘மேன்’ ஓட்டுப் போடலாம் என்கிறதே, அதில் நாங்களும் அடக்கம்தானே என்று மான்செஸ்டர் பெண்கள் கேட்டார்கள். 1868இல் கோர்ட் முடியாது என்றது. இங்கே தென்னாப்பிரிக்காவில் மேட்லின் வூக்கி ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சிக்குச் சேரப் பதிவு கேட்டார். 1912இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் தொழில் பற்றிய சட்டத்தில் பெண் அடங்க மாட்டார் என்று சொல்லிவிட்டது. 1923இல் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் பெண்கள் வழக்கறிஞர் ஆக முடிந்தது. இத்தனைக்கும் பிறகு, 1957ஆம் வருட விளக்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆண்பால் சொல்லில் பெண்ணும் அடக்கம் என்று மறுபடி எழுதி வைத்தது. அபராதம் கட்ட வேண்டுமானால் ஹியில் பெண் உண்டு, ஓட்டும் வேலையும் கேட்டால் இல்லை. என் இலக்கண வாதத்தை அத்தோடு மூட்டை கட்டினேன்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேசை ஜூலு நண்பர் எனக்காகக் காத்திருந்தார். ஜூலுவில் ஹியும் இல்லை, ஷியும் இல்லை. ‘உயேஸா’ என்றால் வருகிறான், வருகிறாள், வருகிறார் எல்லாம் அதுவே. அதனால் அவர் இங்கிலீஷ் பேசும்போது தன் மனைவியை ‘ஹி’ என்பார், மேனேஜரை ‘ஷி’ என்பார். ஆபீஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், கொஞ்சம் உரக்கவே. அன்று அவர் சொன்னார்: “என் தப்பு இரண்டு பக்கமும் போகும். உன் தப்பு ஒரே பக்கமாகப் போகிறது, கவனித்தாயா?” நான் டீ வாங்கிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். மொழிபெயர்க்கிறவர்களுக்கும் ஆபீஸில் அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் உதவலாம் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் கேட்டுவிட வேண்டும். வாக்குமூலம் வாங்கும்போது ‘அவங்க’ என்று வந்தால் நிறுத்தி, “யாரு? ஒருத்தரா, ரெண்டு பேரா? ஆணா, பெண்ணா? பேரு தெரியுமா?” என்று கேட்கிறேன். அரை நிமிஷ வேலை. தெரியாது என்று பதில் வந்தால் தெரியாததாகவே எழுத வேண்டும். ‘தி சிக்னலர் ரெய்ஸ்டு எ ஹேண்ட்’ என்றால் முடிந்தது. தமிழில் “கையைத் தூக்கினார்” என்போமே தவிர “தன்னுடைய கையைத் தூக்கினார்” என்று இழுக்க மாட்டோம். இங்கிலீஷிலும் பாதி இடங்களில் ‘ஹிஸ்’ இல்லாமலே வேலை நடக்கும்.

விதிமுறைகள் எழுதும்போது பன்மை கைகொடுக்கிறது. எங்கள் கிடங்கு வாசலில் ‘ஈச் டிரைவர் மஸ்ட் வேர் ஹிஸ் ஹெல்மெட்’ என்று பல வருடம் ஒரு போர்டு தொங்கியது. இப்போது ‘ஆல் டிரைவர்ஸ் மஸ்ட் வேர் ஹெல்மெட்ஸ்’ என்று இருக்கிறது. எழுத்தும் குறைவு, பெயின்ட்டும் குறைவு. நேராக ‘வேர் யுவர் ஹெல்மெட்’ என்றாலும் சரிதான்.

அடுத்தது ஒருமையில் வரும் ‘தே’. ‘சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்பரெல்லா’ என்று இங்கிலீஷ்காரர் எல்லாரும் பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இருந்த பழக்கம் இது. நம் வாத்தியார்கள்தான் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நமக்கு இது புதுசே இல்லை, ‘அவர்’ பன்மையாகப் பிறந்து மரியாதை ஒருமையாக வளர்ந்த சொல்தானே. ஆனால் ஒரு எச்சரிக்கை. விபத்து அறிக்கையில் ‘தே’ போட்டு நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். “ஏறியது எத்தனை பேர்?” என்று இன்ஷூரன்ஸ் ஆள் போன் போட்டுக் கேட்டார். எண்ணிக்கை முக்கியமான இடத்தில் பதவிப் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுவது உத்தமம். படிக்கக் கொஞ்சம் சப்பென்று இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் கோடு போட்டு ‘ஹி’யையும் ‘ஷி’யையும் ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் வந்தால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கிறது.

‘மேன்’ ஒட்டிய சொற்களுக்கு மாற்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பேங்க்ஸ்மேனுக்கு சிக்னலர், ஃபயர்மேனுக்கு ஃபயர்ஃபைட்டர். கிரிக்கெட் விதிகளைக் காக்கும் எம்.சி.சி.யே 2021இல் பேட்ஸ்மேனை எடுத்துவிட்டு பேட்டர் என்று போட்டது. எங்கள் ஊர் கிங்ஸ்மீட் மைதானத்தில் இதற்காக ஒருவரும் கலவரம் பண்ணவில்லை. இந்த நாட்டின் 1996ஆம் வருட அரசியல் சட்டத்தில் மாகாணங்கள் அவைக்குத் தலைமை வகிப்பவரின் பதவிப் பெயர் சேர்பர்சன்தான். இப்படிச் சொன்னால் ஆபீஸில் ஒருவர் உடனே, “அப்போ மேனேஜரை பர்சனேஜர் என்று கூப்பிடலாமா?” என்பார். மேனேஜருக்கும் ‘மேன்’னுக்கும் சம்பந்தமே இல்லை, அது கை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹிஸ்டரியில் இருப்பதும் ‘ஹிஸ்’ அல்ல, அது கிரேக்கம். எல்லாச் சொல்லையும் தோண்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

சொற்பட்டியலை மாற்றுவது சுலபம். எனக்கு வியர்த்தது சிபாரிசுக் கடிதங்களில்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து வேறு வேலைக்குப் போன ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே மாதத்தில் நான் கடிதம் எழுதியிருந்தேன். விசாரணைக்குப் பிறகு பழைய கோப்பைத் திறந்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பையன் ‘ஷார்ப்’, ‘முடிவெடுக்கத் தெரிந்தவர்’, ‘தலைமைப் பண்பு உள்ளவர்’. பெண் ‘ஸ்வீட்’, ‘ஹார்டுவொர்க்கிங்’, ‘எப்போதும் சிரித்த முகம்’. சுங்கத்துறைப் பிரச்சினை ஒன்றில் எங்கள் கன்டெய்னர்கள் சிக்கியபோது அதைத் தனியாளாக முடித்துக்கொடுத்தது அந்தப் பெண். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சிரித்த முகம் மட்டும் இருக்கிறது. பொய் ஒன்றும் எழுதவில்லை, எழுத வேண்டியதை எழுதவில்லை. இப்போது கடிதத்தை அனுப்புமுன் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு ஒருமுறை வாசிக்கிறேன். ‘ராஜு எப்போதும் சிரித்த முகம்’ என்று படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது என்றால், அந்த வரியை அடித்துவிட்டு அந்த ஆள் செய்த வேலையை எழுதுவேன். கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினால் ஆண் ‘ஃபர்ம்’, பெண் ‘பாஸி’. இதற்கும் அதே மருந்துதான்.

இந்த ஊர் இங்கிலீஷுக்கே உரிய ஒரு சொல் உண்டு, ‘கேர்ள்’. சின்னப் பெண் என்றுதான் நான் படித்து வந்தேன். இங்கே வந்த புதிதில் ஒரு வீட்டு விருந்தில், “மை கேர்ள் வில் மேக் யூ டீ” என்றார்கள். மகள் வரப்போகிறாள் என்று எழுந்து உட்கார்ந்தேன். தலையில் துணி கட்டிய, அறுபது வயதுக்குக் குறையாத ஜூலு அம்மா ஒருவர் தட்டோடு வந்தார். தோட்ட வேலை செய்யும் தாத்தா அந்த வீட்டில் ‘பாய்’. வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களுக்கு வைத்த பேச்சு இது. நிறவெறிக் காலத்தில் அடிபட்ட நம் ஆட்களும் தங்கள் வீட்டில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். என் மாமியார் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் தைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது அவரையும் ‘கேர்ள்’ என்றுதான் கூப்பிட்டார்களாம், மூன்று பிள்ளை பெற்ற பிறகும். “அப்போ எரிச்சலா இருக்கும். ஆனா நானும் எங்க வீட்டுக்கு வந்தவங்களை அதையேதான் சொன்னேன்” என்று ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான பாரபட்சம் தனியாக வருவதில்லை, நிறத்தையும் கூலியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கான அரசு விதிமுறைகள் 2002இல் வந்தன. அதில் ‘டொமெஸ்டிக் வொர்க்கர்’ என்று இருக்கிறது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கு விதிமுறை எதற்கு?

நானும் தமிழில் யோக்கியன் இல்லை என்று காட்டியது என் மனைவி. என்னிடம் தமிழ் கற்றுக்கொள்வதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். ஒருநாள் நான் ஊருக்குப் போனில் பேசி முடித்ததும், “மேனேஜர் ‘சொன்னார்’. சூப்பர்வைசர் மட்டும் ஏன் ‘சொன்னா’?” என்றாள். சூப்பர்வைசர் பெண், வயதில் மேனேஜரைவிட மூத்தவர். இங்கிலீஷில் ஹி, ஷி இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. நம்மிடம் அவர் என்று ஒரு மேடையும் அவ என்று ஒரு தரையும் இருக்கிறது, யாரை எங்கே நிறுத்துகிறோம் என்று பார்த்தால் முகம் சிவக்கும். இப்போது வீட்டில் யாராவது ‘அவ’ என்றால் என் பத்து வயது மகன் “அவங்க” என்று திருத்துகிறான். பூனையையும் அவங்க என்கிறான், அதுதான் சிக்கல்.

கடைசியாகக் கோயில் கதை. எங்கள் பகுதிக் கோயிலின் ஆண்டுவிழா மலரை இங்கிலீஷில் திருத்திக்கொடுப்பது என் பொறுப்பு. சமையற்கட்டுக்கு நன்றி சொல்லும் பக்கத்தில் எப்போதும் ‘மிஸஸ் ஆர். பிள்ளை’, ‘மிஸஸ் கே. நாயுடு’ என்றுதான் வரும். ஆரும் கேயும் கணவர்களுடைய முதலெழுத்து. குடும்பப் பெயரும் அவர்களுடையது. ‘மிஸஸ்’ என்ற ஒட்டு மட்டும்தான் பெண்ணுடையது, அதுவும் கல்யாணம் ஆன செய்தியைச் சொல்ல. ஆணுக்கு ‘மிஸ்டர்’ என்றால் கல்யாணம் ஆயிற்றா என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த ஓரவஞ்சனைக்குத்தான் ‘மிஸ்’ஸுக்கும் ‘மிஸஸ்’ஸுக்கும் நடுவில் எம்-எஸ் என்று இரண்டே எழுத்தில் ஒரு ஒட்டு வந்தது. 1901இல் அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் யோசனையாகச் சொன்னதை, 1960களில் ஷீலா மைக்கேல்ஸ் என்ற பெண் மறுபடி தூக்கிப்பிடித்தார். நியூயார்க் டைம்ஸ் 1986இல்தான் ஒத்துக்கொண்டது. கடிதத்தில் ஒரு பெண்ணுக்கு எந்த ஒட்டு என்று தெரியாவிட்டால் நான் அதைப் போடுகிறேன், அல்லது ஒட்டே இல்லாமல் முழுப்பெயரை எழுதிவிடுகிறேன். ‘டியர் சர்’ போய் நாலு வருடம் ஆகிறது.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கியது. 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு, சொந்தப் பெயர் உண்டு, அப்பா பெயரும் ஊரும் உண்டு. கூலிக்கணக்குக்காக எழுதியதுதான், மரியாதைக்காக இல்லை. இருந்தாலும் கரும்புத்தோட்டத்துக்கு வந்த பாட்டிக்குப் பட்டியலில் இருந்த பெயர், அவர் பேத்திக்குக் கோயில் மலரில் இல்லை.

அந்தப் பேத்தி என் மனைவியின் பாட்டி, நாங்கள் ஆயா என்போம். வயது எண்பத்தாறு. நாற்பது வருடம் காவடித் திருவிழாவுக்குப் புளியோதரை கிளறியவர். இந்த வருடம் சமையற்கட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எம்-எஸ் போட்டு எல்லோரையும் விடுவித்துவிடலாம் என்ற மிதப்பில்தான் ஆயாவிடம் போனேன்.

“மிஸஸ்ஸை எடுத்துடாதே தம்பி. அது தாத்தா எழுத்து. அவர் போயி இருபத்தோரு வருஷம். வேற எங்கேயும் அவர் பேர் வரலே.”

“சரி ஆயா. அப்படியே விட்டுடறேன்.”

“யாரு விடச் சொன்னா? அதுவும் இருக்கட்டும், என் பேரும் போடு. புளியோதரை அவரா கிளறினாரு?”

இரண்டையும் போட்டேன். மிஸஸ், தாத்தாவின் முதலெழுத்து, குடும்பப் பெயர், அதன்பின் ஒரு கோடு, அப்புறம் ஆயாவின் சொந்தப் பெயர். இங்கிலீஷ் எழுத்து நடைக்கு எந்த விதியிலும் அடங்காது. மற்ற பெண்களில் பாதிப்பேர் மிஸஸ்ஸை வைத்துக்கொண்டார்கள், மீதிப்பேர் வெறும் பெயர் போதும் என்றார்கள். ஒருவர் ‘ஆன்ட்டி’ என்று போடச் சொன்னார், அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். போட்டுவிட்டேன்.

ஆயாவின் பெயரை இங்கே எழுதலாமா என்று இன்னும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. நேற்று ப்ரூஃபைக் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து மூன்று நிமிஷம் பார்த்தார். “அம்மாள்லே ஒரு எம் குறையுது” என்றார். அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.